சர்வரை எழுப்பிய முனைவர்

திண்டுக்கல்லில் எதைப் பற்றியும் யாரிடமும் கருத்துக் கேட்கலாம். தெரியாது என்று சொல்லி யாரும் உங்களை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். செவ்வாய்க் கிரகத்தில் வீடு கட்டலாமா, தங்கம் இறங்குமா, செயற்கை நுண்ணறிவு வந்தால் வக்கீல்கள் என்ன ஆவார்கள், எல்லாவற்றுக்கும் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் தீர்ப்பு கிடைத்துவிடும். இத்தனை கருத்தும் பஸ் ஸ்டாண்டிலும் சலூனிலும் கேட்பாரில்லாமல் வீணாகப் போகிறதே என்று ஊரில் சில பெரிய மனிதர்களுக்கு மனசு ஆறவில்லை. அப்படிப் பிறந்ததுதான் மாவட்ட அறிவியல், தொழில்நுட்ப, வணிக மற்றும் நடப்பு விவகாரக் கருத்துரை மன்றம். கட்டடம் சின்னது, பெயர் பெரிது என்பதால் பலகையில் கடைசிச் சொல்லுக்கு இடமில்லாமல் 'மன்றம்' மட்டும் பக்கத்துத் தையல் கடைக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது அந்தத் தையல்காரரை ஊரே மன்றம் டெய்லர் என்கிறது. பேண்ட் அளவு கொடுக்க வருகிறவர்கள் அவரிடமும் இரண்டு கருத்துக் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

அப்துல் கையூமுக்கு இப்படி ஒரு மன்றம் இருப்பதே தெரியாது. அவர் நாகல்நகர்ப் பக்கம் ஒரு பிரியாணிக் கடையில் சர்வர். இருபத்துமூன்று வருடமாக அதே கடை, அதே பன்னிரண்டு டேபிள். இடது கையில் நாலு தட்டை அடுக்கி, வலது கையில் தால்ச்சா வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் நடந்தால் ஒரு பருக்கை கீழே விழாது. உலக விவகாரம் எதிலும் அவருக்குக் கருத்து கிடையாது. அவருக்கு இருந்ததெல்லாம் ஒரே ஒரு ஆசை. மகள் ஹாஃபிஸா இன்ஜினீயரிங் படிக்க வேண்டும்.

ஹாஃபிஸா பிளஸ் டூவில் நல்ல மார்க். அவர்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் கல்லூரிப் படியை மிதித்ததில்லை. அதனால் 'முதல் பட்டதாரி' என்று ஒரு சான்று வாங்கினால் கட்டணத்தில் சலுகை உண்டு. சான்று கிடைத்தால் இன்ஜினீயரிங், கிடைக்காவிட்டால் இல்லை. கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கிற வீட்டில் இதற்கு நடுவில் வேறு வழி எதுவும் கிடையாது. சான்றைக் கொடுக்கக் கடைசி நாள் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை.

திங்கட்கிழமை காலையில் கையூம் பாய் மகளின் காகிதங்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு, டோனி என்பவர் நடத்தும் கணினி மையத்துக்குப் போனார். வாசலில் இருபது பேர் நின்றார்கள். டோனி தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"சர்வர் டவுனு பாய்."

கையூம் பாய்க்குத் தெரிந்த சர்வர் ஒரே வகைதான். பதறிப்போனார்.

"யாருப்பா? ஒடம்புக்கு என்ன?"

காலையிலிருந்து இதையே நூறு தடவை சொல்லி அலுத்துப்போயிருந்த டோனிக்குக் கேள்வி காதில் சரியாக விழவில்லை. "காலைல எந்திரிச்சுச்சு பாய். பத்து மணிக்கு மறுபடி படுத்துருச்சு. லோடு தாங்கல."

"அம்புட்டு வேலைக்கும் ஒரே சர்வரா?"

"ஒண்ணே ஒண்ணுதான் பாய், மொத்த மாநிலத்துக்கும்."

கையூம் பாய் ஆடிப்போய்விட்டார். பன்னிரண்டு டேபிளுக்கே அவருக்கு ராத்திரி முழங்கால் வலிக்கிறது. யார் பெற்ற பிள்ளையோ, மாநிலத்துக்கே தனியாளாக நின்று சாகிறது. "இதை ஆருகிட்டயாச்சும் சொல்ல வேணாமா?" என்று கேட்டார்.

"மேல மாடில மன்றத்துல இன்னைக்குச் சர்வரப் பத்தித்தான் கூட்டமாம். அவுக சொன்னா மேலிடத்துல கேப்பாகளாம். போயிச் சொல்லுங்க."

மாடி வாசலில் மன்றத்தின் செயலாளர் வினோலியா மேடம் பெரிய பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். பெயரைக் கேட்டு எழுதிவிட்டு, தொழில் என்ன என்றார்.

"சர்வருங்கம்மா."

"அனுபவம்?"

"இருவத்திமூணு வருசம்."

வினோலியா மேடம் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். அன்றைக்குப் பேச வேண்டிய சென்னைப் பேச்சாளரை வழியில் திருச்சியிலேயே வேறொரு கருத்தரங்கக்காரர்கள் மடக்கிப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். மேடை காலியாக இருந்தது. கையூம் பாயின் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்.

உள்ளே ஏசி ஓடியது. மேடையில் தலைவர் பழனிக்குமார். நெய்க்காரப்பட்டியில் தென்னந்தோப்பும் ரைஸ் மில்லும் உள்ளவர். மன்றத்தின் வழக்கப்படி, கருத்துச் சொல்லப் போகிறவருக்கு முதலில் பொன்னாடை போர்த்துவார்கள். அவர் கருத்துச் சொன்னதும் அதற்கு ஒரு எண் கொடுத்து ரப்பர் ஸ்டாம்பு குத்துவார்கள். கருத்து எப்படி இருந்தாலும் பொன்னாடையைத் திரும்ப வாங்கும் வழக்கம் இல்லை. அதனால் உறுப்பினர்கள் நாள்தவறாமல் வந்தார்கள்.

பழனிக்குமார் மைக்கைப் பிடித்தார்.

"ஏனுங்க, போன வாரம் இதே மேடையில குவாண்டம் பத்தி நாப்பது நிமிசம் பேசினனுங்க. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் அது வாயுத் தொல்லைக்கு ஒரு மாத்திரைன்னுதான் நெனச்சுட்டிருந்தனுங்க. நல்லாப் படிச்சுட்டு வந்திருந்தா அத்தனை தைரியமாப் பேசியிருக்க முடியுமாங்க? படிக்கப் படிக்க மனுசனுக்குச் சந்தேகம் வந்துருதுங்க. சந்தேகம் வந்தாக் கருத்து செத்துப்போகுதுங்க."

பலத்த கைதட்டல். பின்வரிசையில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் வாத்தியார் ஒருவர் எழுந்து, "சர்வர் என்பது உண்மையில்..." என்று ஆரம்பித்தார். உடனே மணி அடித்தார்கள். வினோலியா மேடம் விதி நான்கை வாசித்தார்.

"ஒரு பொருளைப் பற்றித் தெரிந்தவர் அந்தப் பொருளில் பேசக் கூடாது. தெரிந்தவர் பேசினால் அது தகவலாகிவிடும். இது தகவல் மன்றம் அல்ல, கருத்து மன்றம்."

வாத்தியார் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

கையூம் பாய்க்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முதல் கேள்வி பழனிக்குமாருடையது. "சர்வர் ஏனுங்க அடிக்கடி விழுகுது?"

இதற்குப் பதில் சொல்லத்தானே அவர் மாடி ஏறி வந்தார்? தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"விழாம என்னங்கய்யா செய்யும்? ஒரே ஆளுமேல எல்லாத்தையும் ஏத்துனா விழத்தான் செய்யும். கூட்டம் ஏறுற நேரத்துக்குக் கூட ஒரு ஆளப் போடணும். ஒருத்தர் விழுந்தா இன்னொருத்தர் புடிக்கிறாப்புல பின்னாடி நிக்கணும்."

உறுப்பினர்கள் வேகவேகமாக எழுதிக்கொண்டார்கள். "பேக்கப்" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார்.

"சூடாகிவிடுகிறதே, அதற்கு?" என்றார் ஒரு உறுப்பினர்.

"ஃபேன் வேணும். வேர்வையோட எம்புட்டு நேரம் நிப்பாக? மத்தியானம் வயித்துக்கு நல்ல வெஞ்சனத்தோட சோறு போட்டுச் செத்த நேரம் உக்கார விடணும். அப்பறம் பாருங்க, ராத்திரி பதினொண்ணு வரைக்கும் ஓடும்."

"ஃபயர்வால் பற்றி?" என்றார் இன்னொருவர்.

கையூம் பாய் கொஞ்சம் யோசித்தார். "அதென்னமோ தெரியலங்க. ஆனா நெருப்புக்கும் டேபிளுக்கும் நடுவுல ஒரு செவரு கட்டாயம் இருக்கணும்."

மன்றம் எழுந்து நின்று கைதட்டியது. வினோலியா மேடத்துக்கு மட்டும் ஒரு உறுத்தல். மனிதர் நிபுணர், விதி நான்கு தடுக்கிறதே என்று தலைவரின் காதில் சொன்னார். பழனிக்குமார் மைக்கிலேயே பதில் சொன்னார்.

"அவுரு பேசினதை வெச்சுப் பாத்தா அவுருக்கு இதுல ஒண்ணுமே தெரிஞ்ச மாதிரி இல்லீங்க. தாராளமாப் பேசலாமுங்க."

கையூம் பாயின் கருத்துக்கு எண் 4,116. இறங்கி வரும்போது, "ஐயா, எம்மக சர்டிபிகேட்டு..." என்றார். "அதுக்காகத்தானுங்க உங்க கருத்தை மேல அனுப்பறோம்" என்று தலைவர் தோளைத் தட்டினார்.

அன்று இரவு வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது ஹாஃபிஸா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "அத்தா, சர்வர்னா அது மெசின் அத்தா! கம்ப்யூட்டர்!"

கையூம் பாய்க்கு அவமானமாகப் போய்விட்டது. பொய் சொல்லிப் பொன்னாடை வாங்கியதுபோல உறுத்தியது. மறுநாள் பொன்னாடையை மடித்து எடுத்துக்கொண்டு நேரே மன்றத்துக்குப் போய்க் கூட்டத்தின் நடுவில் நின்றார்.

"ஐயா, நீங்க கேக்குற சர்வரு மெசினாம். நான் பிரியாணிக் கடைச் சர்வருங்கய்யா. தெரியாமப் பேசிப்புட்டேன். இந்தாங்க உங்க துண்டு."

பழனிக்குமார் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டீங்களாங்க? இத்தனை பெரிய தொழில்நுட்பத்தைப் பிரியாணிங்கற ஒரே உதாரணத்துல அடக்கிப்போட்டாரு. என்ன தன்னடக்கமுங்க! தெரியாமப் பேசினேன்னு அவுரே சொல்றாரு. மன்றத்தோட கொள்கையே அதுதானுங்களே!"

வினோலியா மேடம் பதிவேட்டில் 'விருந்தோம்பல் துறைச் சர்வர்' என்று திருத்தி எழுதினார். கையூம் பாய்க்கு இரண்டாவது பொன்னாடை விழுந்தது.

புதன்கிழமை கருத்து 4,116 அமலுக்கு வந்தது. டோனியின் மையத்துக்கு மன்றம் ஒரு டேபிள் ஃபேனையும், 'சர்வர் ஓய்வெடுக்கிறது, செத்த நேரம் பொறுக்கவும்' என்ற பலகையையும் அனுப்பியது. மதியம் ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும் வந்தது. அதை டோனி சாப்பிட்டார். வியாழக்கிழமை காலையில் சர்வர் எழுந்தது. ஏதோ ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கெடு புதனோடு முடிந்துவிட்டதால் கூட்டம் குறைந்தது என்பது டோனிக்குத் தெரியும். தெரிந்தவர் என்பதால் அவரை யாரும் கேட்கவில்லை. எப்படியோ, ஹாஃபிஸாவின் விண்ணப்பம் ஏறியது.

சனிக்கிழமை பாராட்டு விழா. மன்ற வாசலில் பன்னிரண்டு அடி ஃப்ளெக்ஸ். 'விழுந்த சர்வரை எழுப்பிய வித்தகர் முனைவர் அப்துல் கையூம்.' படத்தில் அவருக்கு ஒரு மூக்குக் கண்ணாடி வேறு மாட்டியிருந்தார்கள். வாழ்நாளில் அவர் கண்ணாடி போட்டதில்லை. எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, "மேடம், இந்த முனைவர்னா என்னங்க?" என்றார்.

"மரியாதைக்குத்தான் பாய். பாராட்டுப் பத்திரத்துல முனைவர், பொறியாளர், தொழிலதிபர்னு மூணே கட்டம்தான் இருக்கு. ஒண்ணுல டிக் அடிச்சாத்தான் பிரிண்ட் வரும். உங்களுக்கு எது பிடிக்குதோன்னு நானே ஒண்ணு போட்டேன்."

அடுத்த புதன்கிழமை ஹாஃபிஸாவின் போனில் பதில் வந்தது. அவள் அதைச் சத்தமாக வாசித்தாள். 'விண்ணப்பதாரரின் தந்தை முனைவர் பட்டம் பெற்றவர் எனக் கள விசாரணையில் தெரியவருகிறது. எனவே விண்ணப்பதாரர் முதல் பட்டதாரி அல்லர். நிராகரிக்கப்படுகிறது.' விசாரணைக்கு வந்தவர் பாவம் வீட்டு வாசல் வரைக்கும் வரவேயில்லை. பன்னிரண்டு அடிக்குச் சாட்சி ரோட்டிலேயே நின்றது.

ஹாஃபிஸாவின் அம்மா சைனம்பு புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். "இம்புட்டு நாளா எங்கிட்டச் சொல்லவே இல்ல" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஹாஃபிஸா காகிதங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள். அதுதான் கையூம் பாயால் தாங்க முடியவில்லை.

வியாழக்கிழமை மன்றத்துக்கு ஓடினார். "நான் முனைவர் இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கய்யா. நாளைக்குக் கடைசி நாள். எம்மக படிப்பே போயிரும்."

பழனிக்குமார் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"நீங்க முனைவர் இல்லீங்கறது தகவலுங்க. தகவல் குடுக்கற வழக்கம் நம்மகிட்ட இல்லீங்க. வேணுமின்னா விவாதத்துக்கு எடுத்துக்கறோம். கருத்தாக் குடுக்கலாமுங்க."

'அப்துல் கையூம் முனைவரா?' என்ற தலைப்பில் விவாதம் உடனே தொடங்கியது. பதினாறு பேர் பேசினார்கள். நத்தம் மாம்பழ மண்டிக்காரர் ஒருவர், பழத்தை ஸ்டிக்கரை வைத்துத்தான் உலகமே வாங்குகிறது, ஃப்ளெக்ஸும் ஸ்டிக்கர்தான் என்றார். செயற்கை நுண்ணறிவிடமே கேட்டுவிட்டதாக இன்னொருவர் போனை உயர்த்திக் காட்டினார். மன்றத்தின் ஃபேஸ்புக் பக்கத்தைப் படித்துவிட்டு அதுவும் முனைவர் என்றே சொன்னதாம். கையூம் பாய் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"ஐயா, கையூமு ஆருன்னு எனக்குத் தெரியாதா? நான்..."

மணி அடித்தது. வினோலியா மேடம் மிகுந்த பணிவோடு விதி நான்கை வாசித்தார். தெரிந்தவர் உட்கார வேண்டும்.

பதினான்குக்கு இரண்டு என்ற வாக்கில் அவர் முனைவர் என்று முடிவாயிற்று. அந்த இரண்டு பேரும் அவரை ஆடிட்டர் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து கூட்டம் கடைக்குள் மொத்தமாக இறங்கியது. கையூம் பாய் தொழுதுவிட்டு வந்து தட்டுகளைத் தூக்கினார். கை தன்பாட்டில் வேலை செய்தது, மனசு அங்கே இல்லை. ஹாஃபிஸா கல்லாப் பக்கத்தில் பிளாஸ்டிக் பையோடு நின்றாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அந்தப் பைக்கு வேலை இல்லை.

ஐந்தாவது டேபிளில் வந்து உட்கார்ந்தவர் முதல் பட்டதாரிச் சான்றில் கையெழுத்துப் போடுகிற அதிகாரி. அடுத்த டேபிள்காரர் வணக்கம் வைத்தபோதுதான் கையூம் பாய்க்கு அது தெரிந்தது. பாதிச் சாப்பாட்டில் அதிகாரியும் நிமிர்ந்து பார்த்தார். ஃப்ளெக்ஸ் முகம். கையில் நாலு தட்டு. வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை அப்படியே வைத்துவிட்டார்.

"நீங்க... முனைவர் கையூம்தானே?"

"சார், அது வந்து..."

"வேணாம், சொல்லாதீங்க. எனக்குப் புரியுது." அதிகாரி கையை உயர்த்தித் தடுத்தார். "பிஎச்டி முடிச்சவனைப் பிரியாணி பரிமாற வச்சிருச்சே இந்த நாடு! படிச்சவன் நிலைமை இப்படி ஆயிப்போச்சே! நான் ஒரு கருத்துச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இதையெல்லாம் பாத்தப்புறமாவது பொண்ணை மேல படிக்க வைக்காதீங்க."

கையூம் பாய் நாலு தட்டையும் அவர் முன்னாலேயே இறக்கி வைத்தார். இருபத்துமூன்று வருடத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் அவர் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான்.

"சார், நான் எட்டாப்பு பெயிலு!"

குடும்பக் கஷ்டத்துக்காகப் படிப்பை விட்டதாகத்தான் அவர் ஹாஃபிஸாவிடம் சொல்லி வைத்திருந்தார். பெயிலான கதையை வீட்டில் மூச்சுவிட்டதில்லை. இப்போது அவள் பத்தடி தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"ஒருக்கா இல்ல சார், ரெண்டு தடவ பெயிலு. கணக்குல ஒரு தடவ, எல்லாத்துலயும் ஒரு தடவ."

அடுப்படியிலிருந்து மாஸ்டர் அப்துல் ஹக்கீம் கரண்டியோடு ஓடி வந்தார். "ஆமா சார், நானும் அவனும் ஒரே பெஞ்சு. நான் பாஸு, இவன் பெயிலு!" கல்லாவில் இருந்தவர் எழுந்து நின்றார். "ஆர்டர் எழுதச் சொன்னா மட்டனுக்கு ஆடு படம் போடுவாரு சார்!" வழக்கமாக வரும் வாடிக்கையாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். "எங்களுக்கெல்லாம் தெரியும் சார், பாய்க்கு ஒண்ணும் தெரியாது!" ஒரு மனிதனுக்காக ஊரே அவன் படிக்காதவன் என்று கத்திச் சாட்சி சொன்னதை அந்தக் கடை அதற்கு முன் கண்டதில்லை. கையூம் பாய்க்குக் காது சிவந்தது, கண்ணும் கலங்கியது.

அதிகாரி திகைத்துப்போனார். "வாயால சொன்னா நான் என்ன செய்யறது? எழுத்துல வேணும்."

கையூம் பாய் பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, மேசையில் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். 'நான் எட்டாம் வகுபு பெயில். எனக்கு ஒன்ரும் தெறியாது. அப்துல் கையூம்.'

அதிகாரி தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"பிழையை வச்சு முடிவு பண்ண முடியாது. மன்றத்துலேர்ந்து எனக்கு வர்ற கடிதத்துல இதைவிட ஜாஸ்தி இருக்கும். ஆனா தனக்குத் தெரியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு ஆளை நான் சர்வீஸ்ல இன்னைக்குத்தான் பாக்கறேன். இவர் நிச்சயமா முனைவர் இல்ல." கையைக் கழுவிவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்தார். "மறுபடி விண்ணப்பம் போடச் சொல்லுங்க. ஆபீஸ் போனதும் போட்டுடறேன்."

ஹாஃபிஸா டோனியின் மையத்துக்கு ஓடினாள். நாலே முக்காலுக்கு அவள் போனில் சான்று வந்தது. ஐந்து மணிக்குள் அதை அங்கிருந்தே சேர்க்கைக்கு ஏற்றிவிட்டாள். கடைக்குத் திரும்பி வந்தபோது கையூம் பாய் ஏழாவது டேபிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகளின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது, துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார்.

அவள் போனை அவர் முன்னால் நீட்டினாள். "வாசிங்கத்தா."

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி ஆரம்பித்தார். "மு... த... ல்..." அடுத்த சொல்லில் கொஞ்சம் தடுக்கியது. அவள் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரே வாசித்து முடிக்கும்வரை பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றாள்.